முன் பலகையில் ஒரு தடித்த மனிதர்

நான் சொன்ன பொய்களில் பெரும்பாலானவை அச்சில் வந்தவை. வாயால் சொன்னதை மறுநாள் காலையில் மறுத்துவிடலாம். அச்சில் வந்ததை மட்டும் நானூறு மைலுக்கு அப்பால் யாரோ ஒருவர் கத்தரித்து, நாலாக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நமக்காகக் காத்திருப்பார். எனக்காகக் காத்திருந்தவர் தென்காசியில் இருந்தார்.

அதற்கு முந்தின வருஷம் கொழும்புக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்து, ஒரு வாரப் பத்திரிகையில் பயணக் கட்டுரை எழுதினேன். அங்கே நண்பருக்கு நண்பர் ஒருவர் என்னைத் தம் வேகப் படகில் ஏற்றி, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். நடந்தது அவ்வளவுதான். சுற்றி முடிகிறவரை நான் கண்ணை மூடிக்கொண்டு பலகையைப் பற்றிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தவன் என்ன பயணக் கட்டுரை எழுதுவது? ஆகவே, ஸ்டீரிங்கைப் பிடித்தது நானே என்று எழுதினேன். மணிக்கு நாற்பது மைல் வேகத்தில், ஸ்லேட்டில் கோடு கிழித்தாற்போல் ஓட்டினேன் என்று எழுதினேன். மாம்பலத்தில் என் மனைவி அதைப் படித்துவிட்டு, "உங்களுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதே" என்றாள். அதோடு விஷயம் முடிந்தது என்றிருந்தேன்.

மறு ஆடியில் ஒரு கடிதம் வந்தது. 'தாங்கள் கொழும்பில் ஓட்டியது போன்ற மோட்டார் படகு ஒன்று எம்மிடமும் உண்டு. அது நேராக ஓட மறுக்கிறது. தாங்கள் வந்து பார்த்துச் சொன்னால் புண்ணியம். இங்கே சாரல் நன்றாக இருக்கிறது. அருவியில் குளிக்கலாம்.' கடைசி இரண்டு வாக்கியங்களை மட்டும் படித்துவிட்டுப் புறப்பட்டேன். முதல் மூன்று வாக்கியங்களைப் பற்றி ரயிலில் யோசித்துக்கொள்ளலாம் என்று எண்ணம். ரயிலில் தூங்கிவிட்டேன்.

புதன்கிழமை காலை தென்காசியில் இறங்கினேன். சென்னையில் மழை என்றால் வரும், அல்லது வராது. இங்கே அது வரவும் இல்லை, போகவும் இல்லை; காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கடிதம் எழுதிய சண்முகவேல் அவர்களே ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். நஞ்சை, அரிசி மில், கார் எல்லாம் உள்ளவர். நல்ல ஆகிருதி. ஊரில் அவரைவிட மூத்தவர்கள்கூட அவரை 'அண்ணாச்சி' என்றுதான் சொன்னார்கள். கால்மணி நேரத்தில் நானும் சொன்னேன்.

அவருடைய கார் கோவிலுக்கு எதிரே, பிளந்து நிற்கும் மொட்டைக் கோபுரத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. முன் ஸீட்டிலிருந்து முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கி, மூடியைத் திறந்து, ஒரு குழாயை வாயில் வைத்து ஊதி, பெட்ரோலைத் தெருவில் துப்பினார். கார் புறப்பட்டது. அவர் பெயர் தாணு. செங்கோட்டைக்காரர். கொல்லத்தில் படகு இஞ்சின் வேலை பழகி, பதினோரு வருஷமாக அண்ணாச்சியின் மில், கார், படகு மூன்றுக்கும் வைத்தியர். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பக்தியோடு என்னை யாரும் பார்த்ததில்லை. எனக்கு உள்ளூர ஏதோ சரியில்லை என்று பட்டது. பெட்ரோல் வாடை என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் சொதியும் இஞ்சிப் பச்சடியும். தேங்காய்ப்பாலில் காய்கறியைப் போட்டு இப்படி ஒரு காரியம் செய்யலாம் என்று சென்னைக்கு ஏன் யாரும் சொல்லவில்லை? மூன்றாவது முறை ஊற்றிக்கொண்டபோதுதான் அண்ணாச்சி விஷயத்துக்கு வந்தார்.

படகு, கொல்லம் பக்கம் தேயிலைத் தோட்டத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறும்போது விற்றது. லாரியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வந்து சேர்ந்தது. போன வருஷம் அண்ணாச்சி தம் சம்பந்தியைப் பாளையங்கோட்டையிலிருந்து வரவழைத்து அதில் ஏற்றியிருக்கிறார். படகு குதித்த குதியில் சம்பந்தியின் அங்கவஸ்திரம் குளத்தோடு போய்விட்டது. அன்றிலிருந்து பாளையங்கோட்டையில் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் சம்பந்தி அந்தக் கதையைத்தான் சொல்கிறாராம்.

"ஞாயித்துக்கிழம மறுபடி வாராரு. இந்தத் தடவ நேரா ஓடணும். ஓடலேன்னா எம் பொண்ணு அந்த வீட்ல தல நிமிந்து நடக்க முடியாது" என்றார் அண்ணாச்சி. பிறகு வாசல் பக்கம் திரும்பி, "ஏலே தாணு, சார் முன்னால சொல்லுதேன், கேட்டுக்க. போட்டு நேரா ஓடுச்சுன்னா மில்லுக்குப் பக்கத்து ஷெட்டு ஒனக்கு. தனியா ஒர்க்‌ஷாப் போட்டுக்கோ. ஓடலையோ, சாவியக் குடுத்துட்டு நடையக் கட்டு."

"சார்தான் வந்துட்டாவள்லா மொதலாளி" என்றார் தாணு, என்னைப் பார்த்தபடி. நான் சொதியைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலை குற்றாலம். அங்கே ஒரு வழக்கம் உண்டு: முதலில் உடம்பெல்லாம் எண்ணெயை அப்பி ஒரு ஆள் நம்மைப் புரோட்டா மாவு மாதிரி அடித்துப் பிசைவான், பிறகு அருவி வந்து அவன் விட்ட இடத்திலிருந்து தொடரும். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் என் முதுகைத் தட்டி, "அண்ணாச்சி, கொஞ்சம் நவுந்து நில்லுங்க. ஒரு அருவியவே மறைச்சிட்டு நிக்கிய" என்றார். நகர்ந்தேன். இந்த உடம்பைப் பற்றி அன்று கேட்ட முதல் தொழில்நுட்பக் கருத்து அது. எனக்குத்தான் உறைக்கவில்லை.

தலை துவட்டினதும் குளத்துக்கு அழைத்துப் போனார்கள். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, முக்கால் மைல் நீளம், அருவித் தண்ணீர் வந்து ததும்பிக்கொண்டிருந்தது. கரையோரம் படகு. சிவப்பு வர்ணம், மூக்கில் சந்தனம் குங்குமம், பின்னால் நாற்பது குதிரைச் சக்தி இஞ்சின். உட்கார மூன்று பலகைகள். நடுப் பலகையில் ஸ்டீரிங். அண்ணாச்சி அங்கே அமர்ந்தார். முன் பலகை காலியாக இருந்தது. நான் அதில் உட்காரப் போனேன். கூட வந்த கணக்குப்பிள்ளை என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அங்கன உக்காராதிய சார். அண்ணாச்சிக்கு முதுகக் காட்டுனாப்ல ஆயிரும்."

நியாயம்தான். நான், கணக்குப்பிள்ளை, முறுக்கு டின்னும் வெள்ளிக் கூஜாவுமாகச் சமையற்காரர், தாணு, நான்கு பேரும் பின் பலகையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.

மெதுவாகப் போனவரை சுகமாக இருந்தது. அண்ணாச்சி வேகக் கைப்பிடியை முழுக்கத் தள்ளினார். மூக்கு மேலே எழுந்தது. குற்றால மலை மறைந்தது. மூக்கு 'தொம்' என்று விழுந்தது, மலை தெரிந்தது. மறுபடி மறைந்தது. தெரிந்தது. அண்ணாச்சி அதை அடக்க ஸ்டீரிங்கை இடமும் வலமுமாக ஒடிக்க, படகு கயிறு அறுத்த கன்றுக்குட்டி மாதிரி வளைந்து வளைந்து ஓடியது. வாயில் போட்ட முறுக்கு எந்த நொடியில் கடிபடும் என்று எனக்கே தெரியவில்லை. கரையில் புல்லறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், "ஏட்டி, இங்கன வந்து பாரு! அண்ணாச்சி போட்டு அவல் இடிக்குது!" என்று கத்தினாள். கரை முழுக்கச் சிரித்தது.

அண்ணாச்சி படகைக் கரையில் ஏற்றிவிட்டு, வியர்வையோடு திரும்பினார். "பாத்தியளா? நீங்க ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்க சார்."

"எண்ணெய்க் கை அண்ணாச்சி. வழுக்கும்."

"அப்பம் நோயி என்னன்னாவது சொல்லுங்க."

தாணு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார்... முன்னால..." என்று மெல்ல ஆரம்பித்து நிறுத்தினார். மீதியை நான் சொல்வேன் என்று காத்திருந்தார். எனக்கு அந்த மீதி தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். என் தாய்மொழியில் மிகவும் சுலபமான சொல். அதற்குப் பதிலாக, படகைச் சுற்றி நடந்தேன். கொழும்புக்காரன் நடை. அடிப்பாகத்தில் ஒரு முழ நீளத்துக்குப் புதிய மரத்துண்டு ஒட்டியிருந்தது. பாறையில் உரசிய இடத்தைத் தாணு சரிசெய்திருக்கிறார். இஞ்சினைப் பற்றி ஏதாவது சொன்னால் எதிர்க்கேள்வி வரும். மரம் பேசாது.

விரலால் தட்டி, "இந்த ஒட்டுதான்" என்றேன். "இது இருக்கிறவரை படகு தாளம் போடத்தான் செய்யும்."

தாளம் என்ற சொல் பொருத்தமாக விழுந்ததில் எனக்கு ஒரு திருப்தி. அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

தாணு ஒட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சார் சொன்னா சரிதான்" என்று கையிலிருந்த ஸ்பானரைப் பலகைமேல் வைத்தார். சத்தமில்லாமல் வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை இட்லி வைத்துக்கொண்டே அண்ணாச்சியின் மனைவி, எல்லோரும் ஆச்சி என்று அழைப்பவர், "தாணு நேத்து சாயங்காலமே சாவியக் குடுத்துட்டுப் போயிட்டான்" என்றார். என்னிடம் சொன்னாரா, இட்லியிடம் சொன்னாரா, தெரியவில்லை.

அண்ணாச்சி உற்சாகமாக இருந்தார். "ஒட்ட மாத்த ஆசாரிக்குச் சொல்லி விட்டாச்சு. ஆனா அடுத்த வாரம்தான் வருவானாம். அதனால என்ன? ஞாயித்துக்கிழம நீங்களே ஓட்டிருங்க சார். கொழும்புல ஓட்டுன கை. ஒட்டு என்ன செஞ்சிரும்?"

எப்படியாவது ஓட்டப் பழக வேண்டும், அல்லது அன்றைக்கே ரயிலேற வேண்டும். பழக்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அருவிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் செங்கோட்டை பஸ்ஸில் ஏறினேன்.

சென்னை பஸ்ஸில் மனிதர்களுக்கு இடமில்லை. இந்த பஸ்ஸில் பலாப்பழங்களுக்கு முதலிடம். ஒன்றை என் மடியில் வைத்துவிட்டு அதன் சொந்தக்காரர் பின்னால் போய் நின்றுகொண்டார். பாதி வழியில் பஸ் இருமிவிட்டு நின்றது. டிரைவர் இறங்கிப் பார்த்தார்.

"தாணு அண்ணாச்சி பண்ணைல இருந்தா ஒரு ஆளு விட்டுக் கூட்டியாந்துரலாம். அஞ்சு நிமிசம்" என்றார் கண்டக்டர்.

"தாணுவுக்குத்தான் சீட்டு கிழிஞ்சிட்டே! தெரியாதா ஒமக்கு?" என்றார் பலாப்பழக்காரர். "மெட்ராஸ்காரன் ஒருத்தன் வந்து, போட்ட தட்டிப் பாத்து, வத்தி வச்சிட்டான்."

"அவனுக்கென்ன தெரியுமாம்?"

"கொழும்புல ஓட்டிருக்கானாம். ஆளு எரும கணக்கா இருப்பானாம்."

"இனிமே எவன் தாணுக்கிட்ட இஞ்சினக் குடுப்பான்? பண்ணைப் போட்டையே கெடுத்தவன்னுல்லா பேராயிருக்கும்."

பலாப்பழம் பெரியது. முகத்தை மறைக்கப் போதுமானதாக இருந்தது. முள் குத்தியது, அதற்காக அதை நகர்த்தவில்லை.

தாணுவின் வீட்டுக் கதவைத் தட்டியபோது அவர் மனைவி செல்லம்மா திறந்தாள். உள்ளே தாணு தரையில் கோணியை விரித்து, தம் சாமான்களுக்கு ஒவ்வொன்றாக எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார். "உள்ள வாங்க சார்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திட்டுவதை செல்லம்மா எடுத்துக்கொண்டாள். "இவுகதானா? ஒங்க கட்டுரைய முருகன் படத்துக்குப் பின்னால சொருகி வச்சிருக்காரு, தெரியுமா? அண்ணாச்சிக்கிட்டப் படிச்சுக் காட்டி, 'இவரக் கூப்பிடுங்க மொதலாளி'ன்னு கால்ல விழாத குறையா சொன்னதே இவருதான்."

"சும்மா கெடட்டி" என்றார் தாணு.

"எதற்காக என்னை?" என்று கேட்டேன்.

அவர் முருகனின் பின்னாலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தார். ஒரு வரிக்குக் கீழே பென்சில் கோடு. படித்தார்: "'என் படகின் முன் பலகையில் ஒரு தடித்த மனிதர் அமர்ந்திருந்தார். பயத்தில் இரு கண்களையும் மூடிக்கொண்டிருந்தார்.' இதப் படிச்சதும் புரிஞ்சிட்டு சார், எழுதுனவருக்கு எடைக் கணக்குத் தெரியும்னு. நம்ம போட்டுல இஞ்சினும் பின்னால, ஆளு அத்தன பேரும் பின்னால. மூக்கு தூக்காம என்ன செய்யும்? முன் பலகைல ஒரு ஆளு உக்காந்தா போதும், அடங்கிரும். ஆனா அண்ணாச்சிக்கிட்ட நான் எப்படிச் சொல்ல, 'ஒங்களுக்கு முதுகக் காட்டி ஒருத்தன் உக்காரணும்'னு? மணல் மூட்ட வச்சுப் பாத்தேன். 'என்னலே இது பொணம் கணக்கா'ன்னு தூக்கிக் குளத்துல போட்டுட்டாவ. மெட்ராஸ் சார் வாயால வந்தா கேப்பாவன்னு நெனச்சேன்."

நான் எழுதிய கட்டுரை முழுவதிலும் உபயோகமான வரி அது ஒன்றுதான். அதையும் அழகுக்காகப் போட்டிருந்தேன்.

"தாணு, அந்தத் தடித்த மனிதர் நான்தான்" என்றேன்.

நான் மீதியையும் சொன்னேன். "என்னை முன்னால் உட்காரச் சொன்னார்கள். விருந்தாளிக்குக் காட்டுகிற மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். ஓட்டியது அவர்."

தாணு என் வயிற்றை ஒரு இஞ்சினைப் பார்ப்பது போல நிதானமாகப் பார்த்தார். "அது மரியாதைக்கு இல்ல சார். எடைக்கு."

செல்லம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சிரிப்புத்தான் வருது. மூணு புள்ளையள வச்சுக்கிட்டு இனி எங்க போக?" என்றாள். அதற்கு அப்புறம் அவள் கொடுத்த காப்பியை எப்படிக் குடித்தேன் என்று எனக்கு நினைவில்லை.

"எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடு, தாணு. ஓட்டிக் காட்டிவிட்டு, நீ சொன்னதுதான் சரி என்று அண்ணாச்சியிடம் சொல்கிறேன்" என்றேன். இதையும் உபகாரம் செய்கிறவன் குரலில்தான் சொன்னேன் போலிருக்கிறது.

அவர் துணியில் கையைத் துடைத்தார். "ஒங்களுக்காக இல்ல சார். அந்த ஒட்டு நல்ல ஒட்டு. அதுக்காக வாரேன்."

பயிற்சி ரகசியமாக இருக்க வேண்டும், யாரும் பக்கத்தில் வரக்கூடாது என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். வித்தைக்காரர்கள் அப்படித்தான் என்று அவரே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டார். காவலாள் இஞ்சினைக் கிளப்பிக் கொடுத்துவிட்டுப் போனதும், மெல்ல ஊர்ந்து எதிர்க்கரை மடைக்குப் போனேன். நாணல் மறைவில் தாணு நின்றிருந்தார். ஏறி முன் பலகையில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எனக்கு அது பெரிய நிம்மதி. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

முதல் பாடம், வெள்ளி மாலை. கைப்பிடியைத் தள்ளினேன். படகு வலப்பக்கம் இழுத்தது. நான் இடப்பக்கம் ஒடித்தேன். அது சந்தோஷமாக இடப்பக்கமே போயிற்று. மறுபடி வலம் ஒடித்தேன்.

"மதி, மதி!" என்று கத்தினார் தாணு. பதறினால் அவருக்கு மலையாளம் வரும்; போதும் என்று அர்த்தம். "அது தப்பு பண்ணுத வரைக்கும் காத்திருந்து அடிக்காதிய சார். பண்ணப் போவுதுன்னு கைக்குத் தெரியும். அப்பமே ஒரு விரலளவு. அவ்வளவுதான்."

என் கைக்கு எதுவும் தெரியவில்லை. தாமரைக் கொடிக்குள் புகுந்தோம். தண்ணீருக்குள் சுழலும் சக்கரத்தில் கொடி சுற்றி இஞ்சின் நின்றது. தாணு தண்ணீரில் குதித்து அதை அறுத்தார். அடுத்த தடவை பயந்துபோய் வேகத்தைச் சட்டென்று குறைத்தேன். படகு உட்கார்ந்தது, பின்னால் துரத்திக்கொண்டு வந்த எங்கள் அலையே படகுக்குள் ஏறியது. முறுக்கு டின்னால் இறைத்தோம். ஓட்டம் முழுவதும் நான் படகு மூக்கிலிருந்த சந்தனப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்ததை, திரும்பாமலே எப்படியோ அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"வரப்புல நடக்கும்போ காலையா பாப்பிய? விழுந்துருவியள்லா? அங்கன தெரியுதே ஒத்தப் பன, அதப் பாருங்க. போட்டப் பாக்காதிய. போட்டுக்குத் தெரியும்."

சனிக்கிழமை காலை கணவாய்க் காற்று வீசியது. குளம் முழுக்கச் சிற்றலை. நான்கு முறை ஓட்டம் கெட்டது. ஐந்தாவது முறை தாணு பலகையில் ஒரு சாண் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். நான் பனையைப் பார்த்தேன். கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக முழுக்கத் தள்ளினேன். மூக்கு எழுந்தது, எழுந்து, யோசித்து, தானாகவே படிந்தது. சத்தம் மாறியது. அலைகள் அடியில் சிறு கூழாங்கல்லாகத் தடதடத்தன. வலப்பக்கம் இழுக்கப் போகிறது என்று கட்டைவிரலுக்குத் தெரிந்தது. விரலளவு கொடுத்தேன். மறுபடி தெரிந்தது, மறுபடி கொடுத்தேன். முக்கால் மைல் குளத்தில் மலை ஒரு தடவைகூட மறையவில்லை. பனை பெரிதாகிக்கொண்டே வந்தது.

எழுதியதை ஒருவழியாக உண்மையாக்கிவிட்டேன் என்று எனக்குக் கர்வம் பொங்கியது. ஒரு கணம்தான். முன்னால் இருந்த முதுகு கண்ணில் பட்டது. சட்டை நனைந்து முதுகெலும்போடு ஒட்டியிருந்தது. கொழும்பில் அந்த இடத்தில் இருந்தவனைப் பற்றி நான் என்ன எழுதினேன் என்பதும் நினைவுக்கு வந்தது. இவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை.

சனி மாலை, அண்ணாச்சி ஊஞ்சலில் இருந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கொழும்பில் நான் ஓட்டவே இல்லை, கட்டுரையில் எழுதியது பொய், ஒட்டைப் பற்றிச் சொன்னதும் பொய், முன் பலகையில் எடை இருந்தால் படகு அடங்கும் என்று கண்டவர் தாணுதான் என்று ஒரு மூச்சில் சொன்னேன். இவ்வளவு நேர்மையாக நான் எப்போதும் பேசியதில்லை.

அண்ணாச்சி ஊஞ்சலை நிறுத்தினார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "பெரிய மனுசன் பெரிய மனுசன்தான்" என்றார். "ஒரு ஏழப்பட்டவன் பொழப்பு போவுதேன்னு, பழியத் தந்தலையில தூக்கிப் போட்டுக்கிடுதியளே! என்ன தன்னடக்கம்!"

"இல்லை அண்ணாச்சி, நிஜமாகவே..."

"அச்சுல வந்திருக்கு சார். பொய்யையா அச்சடிப்பான்?"

ஆமாம் என்று சொன்னால், என் தொழிலையே அல்லவா காட்டிக் கொடுக்க வேண்டும்! அப்போது கதவோரம் நின்றிருந்த ஆச்சி, வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். அவர் என்னை நம்பியிருந்தார். அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

"கொழும்புல விருந்தாளுக்கு, பெரிய மனுசங்களுக்கு, எந்தப் பலகையப் போடுவாவ? முன் பலகையா?"

"முன் பலகைதான்" என்றேன். பொய் இல்லை.

"ஸ்டீரிங்கப் பிடிக்கது?"

"அதற்கென்று ஒருவர் இருப்பார்."

ஆச்சி வெற்றிலைக்குக் காம்பு கிள்ளினார். அண்ணாச்சியின் முகத்தில் அது மெல்ல ஏறியது.

"அப்பம் நாந்தான் இம்புட்டு நாளும் டிரைவர் வேல பாத்தனா?" என்றார். பிறகு வாசலைப் பார்த்து, "ஏலே, யாருலே அங்கன? வண்டிய எடுத்துட்டுச் செங்கோட்டைக்குப் போ. தாணுவக் கையோட கூட்டிட்டு வா!"

ஞாயிற்றுக்கிழமை கரை நிறைய ஜனம். சம்பந்தி பாளையங்கோட்டையிலிருந்து அங்கவஸ்திரத்தை மார்பில் குறுக்கே முடிந்துகொண்டு வந்திருந்தார். "இந்தத் தடவ முடிச்சுப் போட்டுட்டு வந்திருக்கேன், அத்தான்" என்றார். அண்ணாச்சி அவர் தோளில் கை போட்டு முன் பலகைக்கு அழைத்துப் போனார். "பெரிய மனுசங்களுக்கு இதான் எடம். கொழும்புல இப்படித்தான். சாரக் கேளுங்க."

இருவருக்கும் முன்னால் யாரும் இல்லை. ஆகவே யாரும் முதுகைக் காட்டவில்லை. நடுப் பலகையில் தாணு. நான் கரையில் குடையோடு ஒதுங்கி நின்றேன். தாணு முன்னால் இருந்த இரண்டு முதுகுகளையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சார், நீங்க பின்னால ஏறுங்க. முன்னால கூடிட்டு. பின்னுக்குக் கொஞ்சம் எட வேணும்."

ஏறினேன். முறுக்கு டின்னை என் மடியில் வைத்தார்கள்.

படகு புறப்பட்டதையும் படிந்ததையும் நான் வர்ணிக்கப் போவதில்லை. மலை அதனிடத்தில் இருந்தது. புல்லறுக்கிற பெண்கள் அரிவாளோடு நிமிர்ந்து நின்றார்கள். யாரும் அவலைப் பற்றிப் பேசவில்லை. நடுக்குளத்தில் சம்பந்தி முடிச்சை அவிழ்த்து அங்கவஸ்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டார். அது அங்கேயே கிடந்தது.

அண்ணாச்சி திரும்பவில்லை. திரும்பாமலே, மடியிலிருந்து மில் சாவிக்கொத்தை எடுத்துத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினார். "இந்தாலே. ஷெட்டுச் சாவியும் இதுலதான் கெடக்கு."

"கரைக்குப் போயி வாங்கிக்கிடுதேன் மொதலாளி" என்றார் தாணு, பனையைப் பார்த்தபடி. "இப்பம் ரெண்டு கையும் வேணும்."

கரைக்கு வந்ததும் எல்லோரும் எனக்கு மாலை போட்டார்கள். எனக்கு! தாணு கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த மாலையை நான் உடனே கழற்றி அவர் கழுத்தில் போட்டிருக்கலாம். கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல், கடைசியில் இஞ்சின்மேல் வைத்தேன். "பாத்தியளா, ஆயுத பூச மாதிரி!" என்று அதற்கும் கைதட்டினார்கள்.

மறுநாள் ரயிலடிக்கு என்னைக் காரில் கொண்டுவந்து விட்டவர் தாணுதான். செல்லம்மா ஒரு பலாப்பழம் கொடுத்தனுப்பியிருந்தாள். பஸ்ஸில் வந்த பலாப்பழக்காரர் அவளுக்குச் சித்தப்பா முறையாம். நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இதையும் எழுதுவியளா சார்?"

"எழுதுவேன்" என்றேன்.

வண்டி நகர்ந்தது. இரண்டடி கூடவே நடந்து வந்தார்.

"இதுல யாரு ஓட்டுனதா எழுதுவிய?"

கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பிளாட்பாரம் முடிந்துவிட்டது.

அந்த மாதம் பத்திரிகைக்குக் குற்றால அருவியைப் பற்றி நாலு பக்கம் எழுதினேன். அதில் குரங்கு உண்டு, சாரல் உண்டு, சொதிகூட உண்டு. படகு இல்லை. இப்போது ஏழு வருஷம் ஆகிவிட்டது. தாணு இதையும் கத்தரித்து வைத்துக்கொள்வார் என்பதால், கோடு போட வசதியாகத் தனி வரியில் எழுதுகிறேன்.

ஓட்டியது தாணு. நான் பின் பலகையில், எடைக்கு.